பதினாலாவது மூவில் டிரா

பங்காருபாளையம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் கன்னிகாவுக்கு உன் நைனா எழுதுவது.

அம்மாவும் நானும் நன்றாக இருக்கிறோம். மாங்காய் சீசன் முடிகிறது. மண்டியில் எடை போடும் வேலை மத்தியானத்திலேயே முடிந்துவிடுகிறது. போன் செய்தால் இரண்டு வார்த்தையில் வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். விஜயவாடா செஸ் கேம்பில் சாப்பாடு காரமாக இருந்தால் தயிர் கேட்டு வாங்கிக்கொள்.

நேற்று சித்தூருக்குப் போய் உன் சிநேகிதி சபீனாவைப் பார்த்தேன். அவள் வீட்டு வாசலில் நிற்கவே கூசியது.

திருப்பதி போட்டியில் கடைசி ரவுண்டுக்கு முன், உன்னோடு ஆட இருந்த ஷோபாவின் அப்பா ரங்கையா டீக்கடையில் என்னைப் பிடித்தார். டிரா செய்துகொண்டால் நம் பிள்ளைகள் இரண்டு பேரும் ஸ்டேட் டீமில் சேர்ந்துவிடுவார்கள், எதற்கு வீண் ரிஸ்க் என்றார். உன்னைக் கேட்காமலே தலையாட்டிவிட்டு வந்தேன். ஷோபாவை ஜெயித்துவிடுவேன் நைனா என்று நீ சொன்னாய். வாயை மூடிக்கினு சொன்னதைச் செய் என்றேன். நீயும் ராஜாவுக்கு முன்னால் இருக்கும் சிப்பாயை நகர்த்தி, டிராவுக்கென்றே எல்லோரும் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் அந்த பெர்லின் ஆட்டத்தை ஆடினாய். இரண்டு ராணிகளும் போன இடத்துக்கே போய் வந்து, பதினாலாவது மூவில் டிரா. உங்களில் யார் தோற்றிருந்தாலும் அந்த இடம், பக்கத்து போர்டில் ஜெயித்த சபீனாவுக்குப் போயிருக்கும். அது எனக்கு அப்போது தெரியாது என்று சொன்னால் பொய்.

சபீனா டீ கொடுத்தாள். கன்னிகா எப்பவும் ராணிச் சிப்பாயில்தான் ஆரம்பிப்பா, மூணு வருஷமா கூட ஆடுறேன், அன்னிக்கு ராஜா சிப்பாயை நகர்த்தின முதல் மூவிலேயே எனக்குத் தெரிஞ்சிபோச்சி அங்கிள் என்றாள். திருப்பதியிலிருந்து நம்மோடு திரும்பி வரும்போது பாகாலா வரை அவள் ஏன் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள் என்று அப்போதுதான் விளங்கியது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நீ நன்றாகச் சாப்பிடுகிறாயா என்று விசாரித்தாள்.

வெட்கமாக இருக்கிறதம்மா. எடையில் கை வைத்த ஆளை மண்டியை விட்டுத் துரத்தியவன் நான்.

நடந்ததை அசோசியேஷனுக்கு எழுதி வைத்திருக்கிறேன். குற்றம் என்னுடையது என்றுதான் எழுதியிருக்கிறேன். ஆனாலும் உன் இடம் போய்விடலாம். அன்றைக்கு உன்னைக் கேட்கவில்லை, இன்றைக்குக் கேட்கிறேன்: அனுப்பட்டுமா? இதுவும் உன் தலையில் பாரம்தான், தெரிகிறது. நீ என்ன சொன்னாலும் சபீனா வீட்டுக்கு மட்டும் ஒரு போன் போடு.

இனி எந்த போர்டில் உட்கார்ந்தாலும் உன் கையை யாரும் பிடிக்காமல் இருக்கட்டும், நான் உட்பட.

உன் நைனா
மாசிலாமணி