இலையும் மாத்திரையும்

ஜூன் 9, திங்கள்

அப்பாவிடம் இன்று சொல்லாமல் விட்டது: ஆய்வகத்தில் சிறுகுறிஞ்சான் இலைச்சாறு கொடுத்த எலிகளுக்குச் சர்க்கரை நோய் மாத்திரை கொடுக்கவில்லை. மாத்திரை கொடுத்த எலிகளுக்குச் சாறு கொடுக்கவில்லை. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் ரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடும். அப்பா தினமும் அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்.

சொன்னது: "ஆமாப்பா, எலைச்சாறு குடிச்ச எலிக்கு சர்க்கரை நல்லா எறங்கியிருக்கு."

அவ்வளவுதான். நான் மருந்தியல் படிக்கப் போன நாளிலிருந்து "எலிக்கு வைத்தியம் பாக்குற படிப்பு" என்று சொந்தக்காரர்களிடம் சிரித்தவர், முதல் தடவையாக என் வேலையைப் பற்றிக் கேட்டார். சோற்றில் கை வைத்தபடி, சாப்பிடாமல் கேட்டார். அந்த முகத்தைப் பார்த்து "ஆனால்" என்று தொடங்க மனம் வரவில்லை.

வெயில் கொடுமை. கந்தர்வக்கோட்டை வரை பஸ்ஸில் நின்றே வந்தேன். வாங்க வேண்டியவை: கையுறை, பஞ்சு, ஷாம்பு.

ஜூன் 10, செவ்வாய்

கடைசி ரத்தப் பரிசோதனை. வால் நுனியில் குத்தி ஒரு சொட்டு. சாறு அதிகம் கொடுத்த கூண்டில் நல்ல இறக்கம். கைடு சாருக்குச் சந்தோஷம். "பேப்பர் போட்டுரலாம்மா."

சர்க்கரை நோய் வருவதற்காக இந்த எலிகளின் கணையத்தை ஊசி போட்டுக் கெடுத்ததும் நாங்கள்தான். இதை ஆய்வேட்டில் எந்த அத்தியாயத்தில் எழுதுவது?

வீட்டில் அப்பா, முந்திரித் தோப்பு வேலியிலிருந்து ஒரு கட்டுச் சிறுகுறிஞ்சான் கொடி அறுத்து வந்திருக்கிறார். அம்மா மிக்ஸியில் அரைத்தாள்.

"இதக் குடிச்சிட்டு டீ குடிச்சா சீனியே தெரியல புள்ள. மண்ணு மாதிரி இருக்கு."

"அதுக்காக மாத்திரைய விட்டுராதீங்க" என்றாள் அம்மா.

"விடுவனா? ரெண்டும் சேந்தா ரெட்டை மாடு பூட்டுன மாதிரில்ல!"

என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். இன்றும் சொல்லவில்லை. ஒரு டம்ளர்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூன் 11, புதன்

கொல்லும் நாள். முப்பது எலிகள். மயக்க மருந்து, பிறகு கழுத்தில் கம்பியை வைத்து அழுத்தி, வாலைப் பிடித்து ஒரே இழுப்பு. எலும்பு பிரியும் சத்தம் விரலுக்குத்தான் கேட்கிறது.

பன்னிரண்டாவதுக்கு மயக்கம் சரியாக ஏறவில்லை. திரும்பிக் கடித்தது. கையுறை கிழிந்து ரத்தம். எனக்குக் கோபம் வந்தது. தேவைக்கு மேல் பலமாக இழுத்தேன். வால் தோல் உரிந்து கையோடு வந்தது. யாரும் பார்க்கவில்லை.

கூண்டு கழுவும் ராணியக்கா: "எமனுக்கு அசிஸ்டெண்ட் வேலை காலியானா சொல்லிவிடுறேன் பாப்பா. ஒனக்குத்தான் அனுபவம் இருக்கே."

எல்லோரும் சிரித்தோம்.

ஈரல், கணையம் ஃபார்மலின் பாட்டிலில். மிச்சம், எரிக்கப் போகும் கழிவுக்கான மஞ்சள் பையில். இரவு சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டேன்.

ஜூன் 12, வியாழன்

இடது கையால் எழுதுகிறேன்.

காலையில் அப்பா வெறும் வயிற்றில் சாறு, கூடவே மாத்திரை. அண்ணனுடன் தோப்பில் கிளை கழிக்கப் போனார். எட்டரைக்கு நான் இட்லியும் டீயும் கொண்டு போனேன்.

சட்டை முழுக்க வியர்வை. கண் எதிலும் நிற்கவில்லை. அண்ணனைப் பார்த்து, "யார்றா நீ? ஏந் தோப்புல ஒனக்கு என்னடா வேல?"

அண்ணன் விளையாட்டு என்று நினைத்துக் கிட்டப் போனான். அப்பா கையிலிருந்த அரிவாள் அவன் வலது முன்கையில் இறங்கியது.

பக்கத்துத் தோப்பிலிருந்து இரண்டு பேர் ஓடி வந்தார்கள்.

"காலங்காத்தாலயே ஊத்திட்டாரா?"

"குடிக்கவே மாட்டாரேப்பா! அங்கிட்டுப் புடி, கையப் புடி!"

அண்ணன் இடது கையால் அப்பாவின் முகத்தில் குத்தினான். மற்றவர்கள் துண்டால் கட்டினார்கள். அப்பா உதைத்தார். உதைபட்டவர் திருப்பி மிதித்தார்.

"அடிக்காதீங்க! சுகர் எறங்கிருச்சு!" கத்தினேன். யார் காதிலும் விழவில்லை. அப்பாவின் நெஞ்சில் முழங்காலை ஊன்றி, எலிக்கு மருந்து புகட்டும் பிடியில் தாடையைத் திறந்து, அண்ணனுக்குக் கொண்டுபோன சீனி போட்ட டீயை ஊற்றினேன். என் வலது கையைக் கடித்தார். நான் விடவில்லை.

பத்து நிமிஷத்தில் கண் தெளிந்தது. மூக்கில் ரத்தம்.

"ஏம்ப்பா என்னையக் கட்டிப் போட்டுருக்கீங்க?" அண்ணன் கையைப் பார்த்தார். "யார்றா வெட்டுனது?"



ஜூன் 13, வெள்ளி

புதுக்கோட்டை, ஆஸ்பத்திரி. விடிவதற்குள் அப்பாவுக்கு இரண்டு முறை மறுபடி சர்க்கரை இறங்கியது. குளுக்கோஸ் ஏறுகிறது. இனிப் பயமில்லை என்றார்கள். அண்ணனுக்குப் பதினோரு தையல்.

வராந்தாவில் கேட்டான்: "ரெண்டையும் சேத்துக் குடிக்கக் கூடாதுன்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"அப்பாட்ட பேசுன அன்னைக்கே."

அறைந்தான், வலது கையால். மூன்று தையல் பிரிந்தது. மறுபடி போட்டார்கள்.