கை குறைத்த சட்டை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருப்பதும் நலமாக இருக்க வேண்டும், இங்கே நாங்கள் நலம் என்று எழுதக் கை வரவில்லை. அண்ணிக்குப் பிறந்த குழந்தை தங்கவில்லை என்று உன் அண்ணன் போனில் சொன்னது பாதிதான் கண்ணு, மீதியைப் போனில் பேச என்னால் ஆகாது, அதனால் எழுதுகிறேன்.

ஒரு மணி நேரம்தான் இருந்தாள். முகம் அப்படியே உன் அண்ணன், கையும் காலும் மட்டும் என் விரல் நீளம், நெஞ்சு ஒடுங்கிக் கிடந்தது. எலும்பு வளராத கோளாறாம், விலா எலும்பு விரியாததால் மூச்சுக்கு இடமே இல்லையாம். இப்படியும் உண்டா என்று டாக்டர் அம்மாவிடம் கேட்டேன். "பத்தாயிரம் குழந்தை பிறந்தா ஒண்ணோ ரெண்டோ இப்படிப் பிறக்கும் ஐயா, யாரு செஞ்ச தப்பும் இல்ல" என்றார். நாற்பது வருடத் தையலில் பத்தாயிரம் பேருக்கு நானே அளவெடுத்திருப்பேன், அந்த ஒன்று நம் வீட்டில் வந்து விழும் என்று யார் கண்டது? இன்னும் நம்ப முடியவில்லை. இதையும் கேள். ஐந்தாம் மாத ஸ்கேனிலேயே தொடை எலும்பு குட்டை, பெரிய டாக்டரிடம் காட்டவும் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அண்ணி கலங்கிப்போய் என்னிடம் நீட்டினாள். நான் மிஷினை விட்டு எழாமலே, "நம்ம வம்சமே குட்டைதானம்மா, என்னிக்காவது நான் பேண்ட்டை மடிக்காம போட்டிருக்கேனா" என்றேன். எல்லோரும் சிரித்தோம். காகிதம் பட்டன் டப்பாவுக்கு அடியில் போய்விட்டது. முன்பே தெரிந்தாலும் பிழைக்க வைத்திருக்க முடியாது என்கிறார் டாக்டர். இருக்கலாம், ஆனால் மனதைத் தேற்றிக்கொள்ள அண்ணிக்கு நாலு மாதம் கிடைத்திருக்கும், அதை நான் கேலி பேசியே கெடுத்துவிட்டேன். அவள் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, அதுதான் தாங்கவில்லை. நான் தைத்து வைத்திருந்த மஞ்சள் சட்டையை ஆஸ்பத்திரியில் உன் அம்மா குழந்தைக்குப் போட்டுவிட்டாள், கை இரண்டும் தொளதொளவென்று தொங்கியது. "மாமா, கையை மட்டும் குறைச்சுக் குடுங்க" என்றாள் அண்ணி. நர்சிடம் கத்தரியும் ஊசி நூலும் வாங்கி, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அளவெடுத்தேன். இரண்டரை அங்குலம். சட்டை சரியாக இருந்தது.

அடுத்த வாரம் உனக்கு ஸ்கேன். நடந்ததை டாக்டரிடம் மறைக்காமல் சொல். பெரும்பாலும் இது குடும்பத்தில் தொடராது என்றார்கள், வீணாகப் பயப்படாதே. தருகிற காகிதத்தை முழுவதும் படி, புரியாவிட்டால் அங்கேயே கேள், அப்பா ஏதாவது வேடிக்கை பேசினால் காதில் போட்டுக்கொள்ளாதே. வேளைக்குச் சாப்பிடு. உனக்கும் உன் பிள்ளைக்கும் ஒரு குறையும் வராமல் இருக்க எங்கள் ஆசிகள்.

உன் குழந்தைக்கு இன்னும் நான் எதுவும் தைக்கவில்லை. பிறந்ததும் அளவு சொல்லம்மா, தைத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா