பச்சைக் கதவும் உன் கட்டை விரலும்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் இங்கே நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அப்பாவின் முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு நடக்கிறது. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொல்லலாமே, எதற்குக் கடிதம் என்பாய். போனில் நீ ம் ம் என்று தப்பித்துவிடுவாய், கடிதத்தில் அது நடக்காது. குடும்பக் குழுவில் சித்தப்பா போட்ட படத்துக்குக் கீழே நீ வைத்த கட்டை விரலைப் பார்த்தேன். அதற்குக் கடைசியில் வருகிறேன், முதலில் நடந்ததைக் கேள்.

மூன்றாம் மாடிக்கு ஒரு குடும்பம் குடிவந்தது என்று சொன்னேனே, அவர் பஸ் ஓட்டுகிறவர், அந்தப் பெண்ணுக்கு ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் வேலை, ஒரு சின்னப் பெண் குழந்தை. பேச்சு வேறு, கும்பிடும் முறை வேறு, மற்றபடி நம்மைப் போலவே குப்பை வாளியை வெளியே வைக்க மறக்கிறவர்கள். அவர்கள் வந்த பிறகு தொட்டியில் தண்ணீர் குறைவதற்கும், லிஃப்ட் நிற்பதற்கும், ஏழாம் வீட்டுப் பூனை ஓடிப்போனதற்கும் அவர்கள்தான் காரணம் என்று ஆகிவிட்டது. லிஃப்ட் நிற்கும் நாட்களை நான் நான்கு வருடமாக நோட்டில் குறித்து வருகிறேன், இவர்கள் வந்தது ஐந்து மாதத்துக்கு முன்னால். அதற்கு முன்பெல்லாம் தங்கள் ஊரிலிருந்தபடியே நம் லிஃப்டை நிறுத்தியிருக்கிறார்கள் போலிருக்கிறது, கெட்டிக்காரர்கள்.

இந்த மாதம் ஆறாம் தேதி காலையில் பார்த்தால் அவர்கள் கதவில் கறுப்பு மையால் வெளியே போ என்று யாரோ பெரிதாக எழுதியிருந்தார்கள். கட்டடத்தில் பதினாறு வீடு, அன்றைக்கென்று எல்லோருக்கும் பார்வை மங்கிவிட்டது. சங்கச் செயலாளரான உன் சித்தப்பாவுக்கு மட்டும் கண் தெளிவாக இருந்தது, கதவைப் படம் பிடித்துக் குழுவில் போட்டு, நம்ம கட்டடத்துல ஒருத்தனுக்காவது துணிச்சல் இருக்கே என்று எழுதினார். எழுதிய கை அவருடையது என்று நான் சொல்லமாட்டேன், கண்ணால் பார்க்காததைக் குறிக்கும் பழக்கம் எனக்கில்லை. ஆனால் ஊர் தூங்கும்போது வந்து எழுதிவிட்டு ஓடுவதற்குத் துணிச்சல் என்று பெயர் என்பதை அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். அந்தப் பெண் மாதக் கடைசியில் காலி செய்கிறோம் என்று வீட்டுச் சொந்தக்காரரிடம் சொல்லிவிட்டாள்.

உன் அப்பா பேப்பரை விரித்துக்கொண்டு நமக்கெதுக்கு வம்பு என்றார். நான் மட்டும் என்ன கிழித்தேன். எழுதினவனுக்கு நல்ல புத்தி கொடு கடவுளே என்று மூன்று நாள் உருகி உருகி வேண்டிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். நான்காம் நாள் மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போனேன். போகிற வழியில் அந்தக் குழந்தை தன் வீட்டுக் கதவு முன்னால் நின்று ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துக் கூட்டிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் இப்போதுதான் எழுத்துச் சொல்லித்தருகிறார்களாம். நீ ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது உன் புத்தகத்தை வைத்து நானும் அப்படித்தானே கூட்டினேன். எனக்குக் கிடைத்த முதல் சொல் பால். அதற்குக் கிடைத்தது இது. கடவுள் தன் பங்கைப் பார்த்துக்கொள்வார், என் கை சும்மாதானே கிடக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

பரணிலிருந்த தின்னரையும் கம்பி நாரையும் எடுத்துப் போனேன். என் குணம் தெரியுமே, மற்ற இடம் கெட்டுவிடக் கூடாது என்று எழுத்தின் மேல் மட்டும், கோடு தவறாமல், ஒரு மணி நேரம் தேய்த்தேன். மை போனது, கூடவே கதவின் பாலிஷும் போனது. கறுப்பில் இருந்த வெளியே போ இப்போது பழுப்புக் கதவில் வெள்ளை வெளேரென்று, தெருவிலிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி நின்றது. அந்தப் பெண் வந்து பார்த்துவிட்டு, அக்கா, எழுதினவன விட நீங்க நல்லா அழுத்தி எழுதியிருக்கீங்க என்று சொல்லிச் சிரித்தாள். ஐந்து மாதத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

பால்கனிக் கம்பிக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயிண்ட் இருந்தது, கதவு முழுக்க அடித்தோம். அடித்த பிறகு பார்த்தால் பதினைந்து பழுப்புக் கதவுக்கு நடுவில் ஒரு பச்சை, வேண்டாதவர்கள் வீடு இதுதான் என்று நாமே அடையாளம் வைத்தது போல ஆகிவிட்டது. ஆகவே நம் கதவுக்கும் அதையே அடித்தேன். குனிய முடியாத உன் அப்பா மேல்பாதி, நான் கீழ்பாதி. வம்பெதுக்கு என்றவர் பூட்டைச் சுற்றி அவ்வளவு நுணுக்கமாக அடித்திருக்கிறார். மறுநாள் கீழ்வீட்டுத் தையல்காரர் வந்து, இன்னும் மிச்சம் இருக்காக்கா, என் கதவும் பழசாத்தான் கெடக்கு என்றார். இன்றைய தேதிக்கு ஐந்து கதவு பச்சை. மற்ற பதினொன்றும் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கின்றன, பாவம், யோசனை கனமாக இருக்கும்.

உன் சித்தப்பா ஓடி வந்தார். அண்ணி, சங்க விதிப்படி கதவு பழுப்பாத்தான் இருக்கணும் என்றார். அப்படியா தம்பி, கதவுல எழுதுறதப் பத்தி விதி எந்தப் பக்கத்துல இருக்கு, கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்க, நான் பள்ளிக்கூடம் போகாதவ, மெதுவாவே வாசிங்க என்றேன். நோட்டைப் பார்த்துச் சொல்கிறேன், கறுப்பு மை கதவில் இருந்த நான்கு நாளும் சங்கத்திலிருந்து ஒரு சத்தமில்லை, பச்சைக்கு ஒரே நாளில் நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது.

அவர் சும்மா போகவில்லை. பஸ் ஓட்டுகிறவரைப் படியில் நிறுத்தி, போனைக் காட்டி, பாருங்க, வெளிநாட்டுல இருக்கிற எங்க அண்ணன் பையனே சரிங்கிறான், அவங்கம்மா பெயிண்ட் அடிச்சு என்ன ஆகப்போகுது என்றிருக்கிறார். அந்த மனிதர் என்னிடம் வந்து தாழ்ந்த குரலில், உங்க மகனும் அப்படித்தான் நினைக்கிறாராக்கா என்று கேட்டார். குழம்பு கொதிக்கிறது என்று உள்ளே வந்துவிட்டேன். அடுப்பில் ஒன்றுமே இல்லை.

இரண்டு மாதம் முன்பு நீ போனில் அழுதாய். பஸ்ஸில் ஒருத்தன் உன்னைப் பார்த்து உன் ஊருக்கே போ என்று கத்தினான் என்றாய், இருபது பேர் இருந்தாங்கம்மா, ஒருத்தர்கூட நிமிர்ந்து பாக்கல என்றாய். அந்த இருபது பேரை நானும் உன்னோடு சேர்ந்து வைதேன். அவர்களாவது தலையைத்தான் குனிந்தார்கள், கட்டை விரலைத் தூக்கவில்லை. யோசிக்காம அமுக்கிட்டேன் என்பாய். தெரியும், யோசித்திருந்தால் அமுக்கியிருக்கமாட்டாய். அங்கே நீயும் யாருக்கோ மூன்றாம் மாடிதான் கண்ணா.

மாதம் முடிய ஒன்பது நாள் இருக்கிறது. அவர்கள் வீட்டில் பாதிச் சாமான் பெட்டியில், பாதி அலமாரியில். நீ விரலை எடுத்தால் அவர்கள் தங்கிவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த மனிதர் கேட்டதற்கு நான் பதில் சொல்லியாக வேண்டும், அது உன்னிடம் இருக்கிறது. விரலை எடு, எடுத்ததோடு நிற்காமல் அது தப்பு என்று உன் கையால் அதே குழுவில் ஒரு வரி எழுது, சித்தப்பா படிக்கட்டும். வயிற்றைக் காயப்போடாதே, மாத்திரையை மறக்காதே, தூங்கும் முன் கடவுளை நினை. அவர் உன்னை ஒரு குறையுமில்லாமல் வைத்திருக்கட்டும். நோட்டில் ஆறாம் தேதியிலிருந்து எல்லாம் குறித்தாயிற்று, உன் பெயரை எழுதி எதிரே ஒரு வரி காலியாக விட்டிருக்கிறேன். அதில் என்ன எழுதட்டும் என்று சொல்.

இப்படிக்கு,
பச்சைக் கதவு வீட்டிலிருந்து,
உன் அம்மா