மருந்து நிறுக்கிற மச்சாளுக்கு

என்ர அருமை மச்சாள்,

நீங்கள் எங்களை விட்டுப் போன அதே கிழமை பொலிஸ்காரர் வந்து உங்கட இரண்டு ரைபிளையும், மிச்சமிருந்த தோட்டாக்களையும் வெடிமருந்தையும் பக்குவமாக எடுத்துக்கொண்டு போய்விட்டார். போகும்போது கராஜில் இருந்த உங்கட மேசையை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்து, "இதை யார் பூட்டினது? இதுக்கு மேல காரையே நிப்பாட்டலாம்" என்றார். "நானும் மச்சாளும்" என்று சொன்னேன். உங்கட தம்பி பக்கத்தில்தான் நின்றார். அவரை நான் சேர்க்கவில்லை.

அந்த மேசை வந்த கதை உங்களுக்குத் தெரியும். ஆனால் உங்கட தம்பி இந்தக் கடிதத்தைப் பழைய மாணவர் சங்க மலரில் போடப்போகிறாராம். உங்களை அறியாத ஆக்களும் வாசிப்பினம். அதனால் கொஞ்சம் முதலிலிருந்து சொல்லுறன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

எண்பத்தெட்டில் உங்கட தம்பியைக் கலியாணம் முடித்து, லண்டனில் சட்டன் பக்கம் உங்கட வீட்டுக்கு வந்து இறங்கினேன். ஆஸ்பத்திரியில் மருந்தாளராக உழைத்து நீங்கள் வாங்கின வீடு அது. நீங்கள் கலியாணம் கட்டவில்லை, தம்பியைத்தான் கட்டிக்காத்தீர்கள். வந்த அன்று பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போது, "அக்கா எங்க?" என்று இவரைக் கேட்டேன்.

"மேல. மருந்து நிறுக்கிறா."

மருந்தாளர் மருந்து நிறுக்காமல் வேறென்ன செய்வா? நான் மேலே ஒன்றும் கேட்கவில்லை. எங்கட அறைக்குப் பக்கத்திலிருந்த சின்ன அறைக் கதவு எப்போதும் பூட்டியிருந்தது. உள்ளேயிருந்து ஒரு 'கிளிக்', பிறகு நீளமாக ஒரு 'கறீச்'. குளிசை, மாத்திரை செய்கிற மெஷினாக்கும் என்று நினைத்தேன். 'மச்சாள் பாவம், ஆஸ்பத்திரி வேலையை வீட்டிலும் கொண்டுவந்து செய்கிறா' என்று அம்மாவுக்குக் கடிதமும் போட்டேன். தோட்டா செய்கிறீர்கள் என்று இவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிறகு கேட்டதற்கு, "நீ பயப்பிடுவாய் எண்டுதான்" என்றார். எவ்வளவு கரிசனை!

உண்மையைக் கண்டுபிடித்தது பரமு சித்தப்பா. உங்கட அப்பாவின் தம்பி, ஈஸ்ட் ஹாமில் இருந்து ரெயில் மாறி மாறி எங்களைப் பார்க்க வந்தவர். வந்ததிலிருந்து கொக்குக் கொக்கென்று இருமல். எனக்கு இரக்கம் வந்துவிட்டது. "மச்சாள் மேல மருந்தோடதான் இருக்கிறா. போய்க் கேளுங்கோ" என்று அனுப்பிவைத்தேன்.

படியடியில் நின்று கேட்டேன்.

"பிள்ளை, உந்த மருந்தில எனக்கும் கொஞ்சம் தாவன்."

"சித்தப்பா, கையில சிகரெட் இல்லையே?"

"இல்லை மோனை. இருமலுக்குத்தான்..."

"அப்ப அதிலேயே நில்லுங்கோ. இது குடிக்கிற மருந்தில்லை. சுடுகிற மருந்து."

மனிசன் இறங்கி வந்த வேகத்தில் படிக்கு ஒன்றும் நடக்காதது அதிசயம். சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வெளியே போய்த்தான் போட்டார். ஆனால் நியாயத்தைச் சொல்ல வேண்டும், இருமல் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் ஈஸ்ட் ஹாம் முழுக்கக் கதை பரவிவிட்டது. சட்டனில் ஒரு பொம்பிளை வீட்டுக்குள் வைத்துக் குண்டு செய்கிறாவாம். ஊரில் நடக்கிற சண்டையில் எந்தப் பக்கத்துக்குச் செய்கிறா என்பதில்தான் ஆக்களுக்குள் கருத்து வேறுபாடு.

சித்தப்பா போன பிறகு நான் மேலே வந்தேன். நீங்கள் வெள்ளைக் கோட்டோடு நின்றீர்கள். உங்கட பழைய முகக்கண்ணாடி மேசையில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நெம்புகோல் வைத்த ஒரு இரும்பு மெஷினைப் பூட்டியிருந்தீர்கள். ஆடுகிற காலுக்குக் கீழே மடித்த பேப்பர். ஒரு சின்னத் தராசு. சுட்டு முடிந்த தோட்டாக்களின் பித்தளைக் கோதுகள், மருந்துப் போத்தல் மாதிரி வரிசையாக.

"கடதாசிக்குத்தான் சுடுறன், வதனி. வட்டம் கீறின கடதாசி. என்னோட வேலை செய்யிற ஒராள் கிளப்புக்குக் கூட்டிக்கொண்டு போனவ. கடையில வாங்கிற தோட்டா ஒண்டைப்போல ஒண்டில்லை. எனக்கு அது சரிவராது. நானே நிறுத்துப் போட்டாத்தான் மனம் ஆறும்."

"மச்சாள், நான் ஷெல்லடிக்குத் தப்பிப் பிளேன் ஏறினனான். இஞ்ச வந்து தோட்டாவுக்குப் பக்கத்து அறையில படுக்கிறனே?"

"இது தானா வெடிக்காது."

"ஷெல்லும் தானா வெடிக்கேல்லை. ஆரோ விட்டவை."

நீங்கள் தராசை மூடினீர்கள். போர் வருவதற்கு முன்பே படிக்க லண்டனுக்கு வந்தவ நீங்கள். உங்களுக்கு அது கடதாசியில் விழுகிற ஓட்டை. எனக்கு அப்படியில்லை. ஆரில் பிழை சொல்லுறது?

கொஞ்ச நாளில் எனக்கு வயிற்றில் பிள்ளை. சண்டை அந்தச் சின்ன அறைக்காகத் தொடங்கியது. மரியாதையான சண்டை, சத்தமே இல்லை. "பிள்ளை உங்களோட படுக்கட்டும்" என்றீர்கள் நீங்கள். "மேசை உங்களோட படுக்கட்டும்" என்றேன் நான். நான் தொட்டிலுக்கு வாங்கின மெத்தையைக் கொண்டுபோய் அந்த அறை வாசலில் சாத்தினேன். நீங்கள் அதைத் துடைத்து, மடித்துத் திரும்ப எங்கட கட்டிலில் வைத்தீர்கள். உங்கட தம்பி இரண்டு பேருக்கும் "ஓம், ஓம்" சொல்லிவிட்டு, மேலதிக ஷிப்ட் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவதையே குறைத்தார்.

அப்போதுதான் உங்கட ரைபிள் துவக்கு வைத்திருக்கிற சான்றிதழைப் புதுப்பிக்கப் பொலிஸ்காரர் வந்தார். அவர் கையெழுத்து வைத்தால்தான் அடுத்த மாதம் நடக்கிற பெரிய போட்டிக்கு நீங்கள் போகலாம். நெடுத்த மனிசன், எங்கட வாசலுக்குத் தலையைக் குனிந்து வந்தார். எனக்குத் தொப்பியைக் கண்டாலே பயம். பயத்தில் குசினிக்குள் ஓடிப்போய் வடை சுட்டேன். அவர் முதல் வடையிலேயே பச்சைமிளகாயைக் கடித்து, கண்ணீரோடு மேலே போய் ரைபிள் பூட்டி வைக்கிற இரும்பு அலுமாரியைச் சோதித்தார்.

இறங்கி வந்து கதிரையில் இருந்தவர், மற்றப் பெண்மணியிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்றாராம். எனக்கு அப்போது 'தாங்க்யூ', 'சொறி' தவிர இங்கிலிசு ஓடாது. இவரும் வேலையில். நீங்கள்தான் மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று.

"வதனி, வீட்டுக்குள்ள இதெல்லாம் இருக்கிறது உமக்குச் சம்மதமோ எண்டு கேக்கிறார்."

"நான் என்ன சொல்லுறது மச்சாள்?"

"உம்மட மனதில இருக்கிறதைச் சொல்லும்."

உங்கட முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. "பயம் எண்டு சொல்லுங்கோ. மச்சாளில பயமில்லை, அந்த அறையில பயம். கதவுக்குப் பின்னால கிளிக்கெண்டு கேட்டா, வயித்துக்குள்ள பிள்ளையும் திடுக்கிடுது எண்டு சொல்லுங்கோ" என்றேன்.

'அவவுக்குச் சந்தோசமாம், இன்னொரு வடை எடுக்கட்டாம்' என்று நீங்கள் சொல்லியிருந்தால் அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் உங்கட வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது எனக்குத் தெரிந்த ஒரு சொல் வந்தது. கிளினிக்கில் ஊசியோடு வருகிற நேர்ஸ், பயமோ என்று என்னைக் கேட்கிற சொல். அஃப்ரெய்ட். ஒருமுறை சொல்லி, மேலே அறையைக் காட்டினீர்கள். இன்னொருமுறை சொல்லி, என்ர வயிற்றைக் காட்டினீர்கள்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். ஏதோ சொன்னார். நீங்கள் மருந்துச் சீட்டு வாசிக்கிற அதே குரலில் எனக்குச் சொன்னீர்கள்: "இதுக்கெல்லாம் வேற இடம் பாக்கட்டாம். அதுவரைக்கும் கையெழுத்து வைக்கமாட்டாராம்."

அவர் போன பிறகு கோப்பைகளைக் கழுவினீர்கள். நான் துடைத்தேன்.

"ஏன் மச்சாள் மாத்திச் சொல்லேல்லை?"

"டொக்டர் எழுதின மருந்தை நான் மாத்திக் குடுக்கிறேல்லை. நீர் சொன்னதை ஏன் மாத்துறன்?"

அந்தப் போட்டிக்கு நீங்கள் போகவில்லை. கோபித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். நீங்களோ எனக்குச் சத்துக் குளிசை எடுத்துத் தந்து, "சாப்பிட்டீரோ?" என்று கேட்டுக்கொண்டு திரிந்தீர்கள். தாங்க ஏலாமல் நான்தான் ஒருநாள் சொன்னேன்: "கராஜ்."

கராஜ் முழுக்க உங்கட தம்பி 'திருத்துவன்' என்று சேர்த்து வைத்த பழுதான வாஷிங் மெஷின்கள். கவுன்சில் லொறி வந்து ஏற்றும்போது, மனிசன் செத்தவீட்டுக்கு நிற்கிற மாதிரி நின்றார். பள்ளிக்கூடமொன்று கழித்துவிட்ட மரவேலை மேசை ஒன்றை நீங்கள் தேடிப் பிடித்தீர்கள். தூக்க ஆள் போதவில்லை. குண்டு செய்கிற இடத்தைக் கண்ணால் கண்டால்தான் ஈஸ்ட் ஹாமில் சாட்சி சொல்லலாம் என்று பரமு சித்தப்பா தானாகவே வந்தார்.

"தம்பி, மெதுவா, மெதுவா. வெடிச்சிடும்!"

"சித்தப்பா, இது வெறும் மரம்."

"மரமெண்டாலும் உன்ர அக்காவின்ர மரமெல்லோ."

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்து கட்டளையிட்டேன். நீங்கள் சுவரில் துளை போட்டு, மேசையை ஆணியால் இறுக்கினீர்கள். இவர் டோர்ச் பிடித்தார், அதுவும் வேறு பக்கம். வெடிமருந்துக்குத் தனிப் பெட்டி, தனிப் பூட்டு. எல்லாம் முடிந்து தராசை வைத்தால் முள் நிற்க மாட்டேன் என்கிறது. கதவுக்குக் கீழால் வருகிற காற்றில் நடுங்குகிறது. நீங்கள் தலையில் கை வைத்தீர்கள். நான் போய் என்ர பழைய நைலெக்ஸ் சேலையைக் கிழித்து, நீளப் பையாகத் தைத்து, மணல் நிரப்பிக் கதவடியில் போட்டேன். முள் அப்படியே நின்றது. உங்களுக்கு வந்த சிரிப்பு! லண்டன் வந்து நான் முதல்முதல் பார்த்த உங்கட பல்லு அன்றைக்குத்தான்.

பொலிஸ்காரர் திரும்ப வந்து கராஜைப் பார்த்தார். வடையைப் பிய்த்து, மிளகாயைத் தேடி எடுத்து ஓரத்தில் வைத்துவிட்டுச் சாப்பிட்டார். கையெழுத்தும் வைத்தார். சின்ன அறையில் மகள் வந்து படுத்தாள்.

கராஜ் வாசலில் நின்று உங்களோடு கதைக்கத் தொடங்கியவள் நான். பிறகு உள்ளே கதிரை போட்டேன். பிறகு கை சும்மா இருக்குமா? ஒருநாள் நீங்கள் வேலைக்குப் போயிருக்க, கறுத்துப்போன பித்தளைக் கோதுகளையெல்லாம் குத்துவிளக்கு மினுக்குகிற மாதிரிப் புளி போட்டு மினுக்கி, வெயிலில் பரப்பி வைத்தேன். தங்கம் மாதிரி. நீங்கள் வந்து ஒன்றை எடுத்து மூக்கடியில் பிடித்தீர்கள்.

"வதனி, இது ரசம் மணக்குது."

புளி தின்ற பித்தளை வெடியைத் தாங்காதாம், அவ்வளவையும் எறிந்தீர்கள். எனக்கு ஏச்சு விழவில்லை. கராஜ் கதவில் மட்டும் ஒரு துண்டு ஒட்டியிருந்தது: 'புளி தடை.'

என்ர பயம் முழுக்கப் போகவில்லை மச்சாள், உங்களுக்குத் தெரியும். சுடுகிற இடத்துக்கு நான் ஒருநாளும் உள்ளே வரவில்லை. ஒரேயொரு முறை கிளப் வரைக்கும் வந்து, காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டு இருந்தேன். நீங்கள் கடதாசியோடு ஓடி வந்தீர்கள். வட்டத்தின் நடுவில் ஒரு ஓட்டை.

"ஒண்டுதானே பட்டிருக்கு? மற்றதெல்லாம் எங்க போனது?"

"எல்லாம் அதுக்குள்ளாலதான் போனது, விசரி."

வருசங்கள் ஓடிப்போக, ஒருநாள் நெஞ்சுவலி என்று வேலை செய்த ஆஸ்பத்திரியிலேயே சாய்ந்து, அங்கேயே போய்விட்டீர்கள். உங்களுக்கு ஆரும் மருந்து நிறுத்துத் தரக்கூட நேரம் கிடைக்கவில்லை. செத்தவீட்டுக்குக் கிளப் ஆக்கள் கறுப்பு டையோடு வந்து, எந்தப் பக்கம் இருப்பது என்று தெரியாமல் நின்றினம். பரமு சித்தப்பாதான் கூட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் இருத்தி, "இவையள் எங்கட பிள்ளையின்ர ஆக்கள்" என்று எல்லாருக்கும் சொன்னார்.

நேற்று அந்தக் கிளப் செயலாளர் போன் எடுத்தார். வருசாவருசம் நடக்கிற போட்டிக்கு உங்கட பெயரில் வெள்ளிக் கோப்பை ஒன்று வைக்கப்போகினமாம். அங்கே உங்களை எல்லாரும் 'மிஸ் கே' என்றுதான் கூப்பிடுவினமாமே? எனக்கு இது புதுச் செய்தி. முழுப் பெயர் கோப்பையில் கொள்ளாதாம். 'மிஸ் கே' என்றே வெட்டுவோமா என்று தன்மையாகக் கேட்டார். பாவம், நல்ல மனிசன்.

இப்போது எனக்கு இங்கிலிசு ஓடும், மச்சாள். 'நோ' என்றேன். எழுத்து எழுத்தாகச் சொன்னேன். அவர் இரண்டு தரம் பிழைவிட்டார், இரண்டு தரமும் முதலிலிருந்து தொடங்கினேன். சனிக்கிழமை பெயர் வெட்டுகிற கடைக்கு நானும் போறன். கனகாம்பிகை சிவபாதம். ஒரு எழுத்தையும் குறைக்க விடமாட்டன், இது சத்தியம். கோப்பை காணாதென்றால், பெரிய கோப்பையாக வாங்கட்டும்.

இப்படிக்கு,
உங்களை மச்சாள் என்று கூப்பிட்டு, உங்களுக்கும் மச்சாளாக இருந்த
வதனி