இலை உதிராத ஆர்க்கிட்

அன்புள்ள சின்னக்குட்டிக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லை, மானத்துக்குத்தான் கொஞ்சம் சேதம். அங்கே உன் இருமல் நின்று, நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். போன ஞாயிறு போனில் கேட்டாயே, வேலையில இன்னும் நான்கு வருஷ ஒப்பந்தத்துக்குக் கையெழுத்துக் கேக்கறாங்க, என்ன சொல்லட்டும்பா என்று. உன் இஷ்டம்மா, எனக்கென்ன, செடி இருக்கே துணைக்கு என்றேன். நீயும் சிரித்தாய். போனில் பேசினால் எனக்குப் பெருந்தன்மை தானாக வந்துவிடுகிறது, அதனால்தான் கடிதம். அடுத்த மாதக் கடைசிக்குள் நீ பதில் சொல்ல வேண்டுமே, அதற்குள் இது வந்து சேர்ந்துவிடும்.

அந்தத் துணையின் லட்சணத்தைக் கேள். லீவு முடிந்து கிளம்பும்போது நீ ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டுப் போன ஆர்க்கிட்டில் ஒருநாள் பார்த்தால் ஓர் இலைகூட இல்லை. பெருக்க வரும் அம்மாவிடம் இலையெல்லாம் எங்கே என்று விசாரணை வைத்தேன். நான் என்ன ஆடா சார், தின்னுட்டுப் போக என்று துடைப்பத்தைப் போட்டுவிட்டுப் போனவர் இரண்டு நாள் வரவில்லை. செடியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு நர்சரிக்கு ஓடினேன். நர்சரிக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்துவிட்டு, அண்ணே, இதுக்கு இலையே கிடையாது, வேர்தான் எல்லாம் என்றார். ரோஜாத் தொட்டி வாங்க வந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். இந்த வகையை அவரே இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறாராம், எனக்கு அது ஓர் ஆறுதல்.

அதைவிடப் பெரிய கூத்து, அந்தரத்தில் தொங்குகிறதே பாவம் என்று அதை நான் தொட்டி மண்ணில் புதைத்து இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்றியிருந்தேன். மண்ணில வைக்காதீங்கப்பா என்று நீ சொன்னது இப்போதுதான் ஞாபகம் வருகிறது. அப்போது உன் பெட்டியின் ஜிப் மாட்டிக்கொண்டது, அதோடு மல்லுக்கட்டிக்கொண்டே சரி சரி என்று தலையாட்டினேன். பாதி வேர் அழுகிவிட்டது. நர்சரிக்காரர் அதை வெட்டி எடுத்தார், சொரசொரப்பான மரப்பட்டை ஒன்றில் அங்கே கிடந்த பழைய பனியனை நாடாவாகக் கிழித்து நானே கட்டினேன். முடிச்சைப் பார்த்துவிட்டு அண்ணன் டெய்லரா என்றார். அன்றைக்குக் கிடைத்த ஒரே மரியாதை அதுதான்.

இப்போது என் கடையில் தையல் மிஷினுக்கு மேலே தொங்குகிறது. நேர் வெயில் ஆகாது, காற்று ஓட வேண்டும். காலையில் மழைத்தண்ணீரில் ஐந்து நிமிஷம் முக்கி எடுத்தால் சாம்பல் வேர் பச்சையாக மாறும், குடித்துவிட்டது என்று அர்த்தம். சாயந்திரத்துக்குள் காய்ந்துவிட வேண்டும். உரம் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, பாக்கெட்டில் போட்டிருப்பதில் கால்வாசி. போன வாரம் வேருக்கு நடுவில் ஊசிமுனை போலப் பச்சையாக ஒன்று எட்டிப் பார்த்தது, பூந்தண்டாம். பேண்ட் அளவு கொடுக்க வந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். வேர்தானே டெய்லரே, இடுப்பைக் கொஞ்சம் லூசா வைங்க என்றார். வேறு யாரைக் கூப்பிட்டுக் காட்ட? பேரன் பிறந்தபோது உன் அம்மா உன் அண்ணன் வீட்டுக்கு ஆறு மாசம் என்று போனாள், அவன் இப்போது ஓடுகிறான். வீட்டில் எதிர் நாற்காலியில் தைக்காத துணியை அடுக்கி வைத்திருக்கிறேன், காலியாக இருந்தால் கண்ணை உறுத்துகிறது. பேச்சு வராமல் போய்விடுமோ என்று அளவுகளைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வெட்டுகிறேன், அதில் ஒரு சட்டையின் கையே குட்டையாகிவிட்டது.

பல் டாக்டரைத் தள்ளிப்போடாதே. குளிருக்குக் காதை மூடிக்கொள். எந்த முடிவு எடுத்தாலும் என் ஆசீர்வாதம் உண்டு, நோய் நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இரு.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா

பி.கு. உன் இஷ்டம் என்றேன். என் இஷ்டம் என்ன என்று நீ கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. கையெழுத்துப் போடாதே, வந்துவிடும்மா.