காப்புக் கட்டிய வாரம்

மார்ச் 9, ஞாயிறு

பன்வில தேயிலைத் தோட்டம். விடிந்ததிலிருந்து தூறல். துணி காயவில்லை. மகள் கவியின் யூனிபோர்மை அடுப்புக்கு மேலே கட்டியிருக்கிறேன். புகை நாறும், நாறட்டும்.

இவரிடமிருந்து இன்றும் ஒன்றும் இல்லை. கடைசியாக வந்த குரல் பதிவையே திரும்பத் திரும்பக் கேட்கிறேன். "குளிர்ல காலு மரத்துப் போச்சு. நாளைக்கு எங்கள முன்னுக்கு அனுப்புறாங்க. கவிகிட்ட சொல்லாத." ரஷ்யாவில் சமையல் வேலை என்று கூட்டிப்போன ஏஜென்சிக்காரன் நாசமாய்ப் போக. கரண்டி பிடிக்கப் போனவர் கையில் துவக்கைக் கொடுத்துச் சண்டைக்கு அனுப்பிவிட்டார்கள்.

மார்ச் 10, திங்கள்

மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டு. இவருக்காக நானும் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டேன். திருவிழா முடியும்வரை மீன் இல்லை, பாய் இல்லை, தோட்டத்து எல்லை தாண்டக் கூடாது. பாய் இருந்தால் மட்டும் தூக்கம் வந்துவிடப் போகிறதா.

மாமியார் என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நீ கட்டிட்டல்ல, இனி எம்புள்ள வந்துருவான்." கேட்க நன்றாக இருந்தது.

மார்ச் 12, புதன்

கொழுந்து பறிக்கையில் போன். கூடையைப் போட்டுவிட்டு, சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஓடினேன், கங்காணி கத்தினார். இவரில்லை. கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி. ரஷ்யாவில் சில உடல்கள் அடையாளம் தெரியாமல் கிடக்கின்றனவாம். தாயோ பிள்ளையோ ரத்தம் கொடுத்தால் ஒத்துப் பார்ப்பார்களாம். வெள்ளிக்கிழமை, கண்டி ஆஸ்பத்திரி. வேறு நாள் கேட்டேன். "அன்னைக்கு மட்டும்தான் எடுக்கிறாங்கம்மா."

காப்போடு நான் எப்படிப் போவது? மாமியாரைப் போகச் சொன்னேன். "எம்புள்ள உசுரோட இருக்கான். பொணத்தோட ஒத்துப் பாக்க நா எதுக்கு ரத்தம் குடுக்கணும்?" கவியையாவது கூட்டிப்போகக் கேட்டேன். முடியாதாம். "நீ எல்ல தாண்டினா, அவன நீயே கொன்ன மாதிரி."

சமைக்கவில்லை. கவிக்கு மட்டும் ரொட்டி.

மார்ச் 13, வியாழன்

மழை விட்டது. காப்பை அவிழ்த்துவிடச் சொல்லிப் பூசாரியிடம் போனேன். "நடுவுல அவுக்கக் கூடாது தாயி. போறதுன்னா காப்போடயே போ. ஆத்தாளுக்கு ஒன் நெலம தெரியாதா?" தெரிந்தால் இப்படி நடக்குமா.

கவியிடம், கண்டிக்குப் போறோம், கொஞ்சம் ரத்தம் எடுப்பாங்க என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் வேண்டுமாம்.

மார்ச் 14, வெள்ளி

முதல் பஸ். மாமியார் கதவு திறக்கவில்லை. எல்லைக் கல்லைத் தாண்டும்போது கவியின் கையை இறுக்கிவிட்டேன் போல. "வலிக்குதும்மா." ஆத்தா, தப்பு என்னுது, அவரை விட்டுடு. கண்டிவரை இதே.

ஆஸ்பத்திரியில் எங்களைப்போல் இன்னும் சில குடும்பங்கள். ஒரு சிங்கள அம்மா என் மஞ்சள் கயிற்றைப் பார்த்தார். தன் கையிலிருந்த, விகாரையில் ஓதிக் கட்டிய பிரித் நூலைக் காட்டினார்.

ஊசி போட்டபோது கவி அழவில்லை.

"இந்த ரத்தம் அப்பாவுக்கா?"

ஆமா என்றேன்.

மற்றக் கையையும் நீட்டினாள். "இதுலயும் எடுக்கச் சொல்லும்மா. அப்பா பெரிய ஆளு, அவ்வளவு பத்தாது."