அனுமதி இல்லாத படிக்கட்டு

ஜூன் 3

மாடியில் குடியிருக்கும் என் வீட்டுக்காரருக்கு,

நலம். நீங்கள் நலமாக இருப்பது என் தலைக்கு மேல் நாற்காலி இழுபடும் சத்தத்திலேயே தெரிகிறது. இதோடு நகராட்சி நோட்டீஸையும் உள்படிக் கதவுக்கு அடியில் தள்ளியிருக்கிறேன். வெளியே நீங்கள் கட்டிய படிக்கட்டுக்கும் மாடிச் சமையலறைக்கும் அனுமதி இல்லையாம். முப்பது நாளில் இடிக்க வேண்டும். தவறினால் அவர்களே இடிப்பார்கள், வழக்கும் வரும். வீடு இருவர் பெயரிலும் இருப்பதால் கோர்ட்டில் நானும் உங்கள் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

பஸ் ஓட்டும் வேலையை விட்டீர்கள், என்னைக் கேட்கவில்லை. ஏன் என்று கேட்டதற்குக் கோபித்துக்கொண்டு மாடி ஏறினீர்கள். என் முகத்தில் விழிக்காமல் போய்வரப் படி கட்டினீர்கள், நகராட்சியைக் கேட்கவில்லை. யாரையாவது ஒரு வார்த்தை கேட்டால் வாய் தேய்ந்துவிடுமா?

கீழ்வீட்டுக்காரி

ஜூன் 5

கீழ்வீட்டு மகாராணிக்கு,

கடிதம் கிடைத்தது. "சின்னப் படிதானே சார், எவன் வந்து கேக்கப்போறான்?" என்று கொத்தனார் சொன்னான். நம்பினேன். பதினொன்றாம் தேதி வக்கீலைப் பார்க்கப் போகிறேன். அதுவரை திட்டுவதை நிறுத்தி வை.

மாடிக்காரன்

ஜூன் 11

வீட்டுக்காரருக்கு,

நீங்கள் வக்கீலிடம் போன நேரம் பார்த்து அதிகாரி அளக்க வந்துவிட்டார். உள்படி ஏறி, நான் தாழ்ப்பாள் போட்டு வைத்திருந்த கதவைத் திறந்து காட்ட வேண்டியதாயிற்று. "ரெண்டு அடுப்பு இருக்கு, நடுவுல கதவு வேற. ரெண்டு குடித்தனமாம்மா?" என்றார். எனக்கு மானமே போயிற்று. தண்ணீர் கொடுத்துச் சமாளித்தேன்.

கீழ்வீட்டுக்காரி

ஜூன் 13

மகாராணிக்கு,

வழி கிடைத்துவிட்டது. இரண்டு தனிக் குடித்தனம் என்று விண்ணப்பித்து அபராதம் கட்டினால் படியும் அடுப்பும் நிற்குமாம். ஏழாம் கேள்வி, 'கட்டடத்தில் எத்தனை குடும்பங்கள்?' இரண்டு என்று எழுதிவிட்டேன். விண்ணப்பத்தை இதோடு வைத்திருக்கிறேன், உன் கையெழுத்துதான் பாக்கி. வெறும் கையெழுத்து.

மாடிக்காரன்

ஜூன் 14

வீட்டுக்காரருக்கு,

வெறும் கையெழுத்தா? தபால் ஆபீஸ் கவுண்டரில் இருபத்திரண்டு வருடமாகப் படிவம் பார்க்கிறவள் நான். அப்படி ஒன்று கிடையாது.

ஒன்றரை வருடமாக நாம் பேசவில்லை. புருஷன் பெண்டாட்டி சண்டை, என்றைக்காவது முடியும் என்றுதான் இருந்தேன். விண்ணப்பத்தை ஆபீசுக்கு எடுத்துப்போய்ப் பிரித்து, 'இரண்டு' என்று நீங்கள் அவ்வளவு நிறுத்தி நிதானமாக எழுதியதைப் பார்த்ததும் கவுண்டரிலேயே அழுகை வந்துவிட்டது. வரிசையில் நின்றவர், "என்னம்மா, ஸ்டாம்ப் தீந்துபோச்சா?" என்று கேட்டார்.

நான் கையெழுத்துப் போட மாட்டேன், விண்ணப்பத்தை இதோடு திருப்பித் தள்ளியிருக்கிறேன். வழக்கு வந்தால் வரட்டும். உண்மையாகவே இரண்டுதான் என்றால் அதை என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

உங்கள் மனைவி

ஜூன் 20, பிற்பகல்

அன்புள்ள உனக்கு,

விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இன்று காலை, நீ வேலைக்குப் போனதும், கொத்தனாரை வரவழைத்துப் படியை இடித்தாயிற்று. அடுப்பையும் கழற்றிக் கொடுத்துவிட்டேன். இதையும் உன்னைக் கேட்காமல்தான் செய்தேன். இனிமேல் செய்ய மாட்டேன்.

ஒரு சின்னச் சிக்கல். மேலே நின்றபடியே வேலை வாங்கிக்கொண்டிருந்தேன். நான் இறங்க வேண்டுமே என்பது எனக்கும் தோன்றவில்லை, அந்தப் புத்திசாலிக்கும் தோன்றவில்லை. அவன் போய் மூன்று மணி நேரமாகிறது. பசி உயிர் போகிறது.

உன் பக்கத்துத் தாழ்ப்பாளைத் திறப்பாயா? உத்தரவு போடவில்லை. கேட்கிறேன்.

உன் கணவன்

ஜூன் 20, மாலை

அன்புள்ள உங்களுக்கு,

அதிகாரி வந்து போன நாளிலிருந்து நான் தாழ்ப்பாள் போடவே இல்லை. ஒன்பது நாளாகத் திறந்து கிடக்கிற கதவுக்கு அடியில் குனிந்து குனிந்து கடிதம் தள்ளியிருக்கிறீர்கள். ஒரு தடவை கதவைத் தள்ளிப் பார்க்கத் தோன்றியதா, மனுஷா?

சாப்பாடு ஆறுகிறது. இறங்கி வாருங்கள்.